சுற்றித் தைத்த எண்

அத்தியாயம் 14

காலை எட்டு மணி ஆறு நிமிடத்துக்குத் தையலக்காவின் கைப்பை அதிர்ந்தது.

பைக்குள் மூன்று போன்கள் இருந்தன. முதலில் கைக்கு வந்தது கணவருடையது. அது சும்மா கிடந்தது. அடுத்தது மகளுடையது. அதுவும் சும்மா. அவளுடையது அடியில், வாழைப்பழத்துக்கும் துண்டுக்கும் கீழே இருந்தது. எடுப்பதற்குள் ஓய்ந்துவிட்டது.

"யாராம்?" என்றார் கண்டக்டர்.

"தெரியல அண்ணே. புது நம்பரா இருக்கு."

"வேணும்னா திரும்பக் கூப்பிடுவாங்க. நீ ரோட்டப் பாரு. உன் வீட்டுக்காரன் வர நேரம்."

அவள் ரோட்டைப் பார்த்தாள்.

இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓடுகிறவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். எல்லோர் உடம்பிலும் ஒரே மஞ்சள் சட்டை. மூன்று மணி நேரமாக ஓடும் முகங்கள். சிலர் சிரித்தார்கள். சிலருக்குச் சிரிப்பதா அழுவதா என்று முடிவாகாமல் வாய் பாதியில் நின்றிருந்தது. பஸ் நிறுத்தக் கம்பத்தில் '29 கி.மீ.' என்று எழுதிய அட்டையைக் கட்டியிருந்தார்கள்.

அந்த நிறுத்தத்தில் டிரைவர் இருபத்தாறு வருடம் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார். அதில் இருபத்திரண்டு வருடம் பின்படிக்கட்டில் நின்று விசில் கொடுத்தவர் கண்டக்டர். ஓய்வு பெற்றாகிவிட்டது. ஆனாலும் இன்றைக்குப் பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். டிரைவர் இந்த இடத்தைத் தாண்டும்போது இரண்டு விசில் கொடுப்பதாக ஏற்பாடு. ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். இரண்டு என்றால் போகலாம். அவர்கள் இருவருக்கும் அதற்குமேல் பேச்சு தேவைப்பட்டதில்லை.

டிரைவர் என்பது தையலக்காவின் கணவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான், ஐந்து மாதமாக எந்த வண்டியும் ஓட்டாவிட்டாலும்.

அது ஏன் என்று வாரம் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் ஏறியவர்களுக்கு நாலு வரி.

பணிமனை ஓட்டுநர்களுக்கு வருடா வருடம் கண் பரிசோதனை உண்டு. இந்த வருடம் அந்த வேலை மகள் வேலை பார்க்கும் கண் மருத்துவமனைக்கு வந்தது. மகளை வீட்டில் மிளகு என்பார்கள். பிறந்தபோது அவ்வளவு சிறிசு. வளர்ந்தபின் அவ்வளவு காரம். அப்பாவின் கோப்பு அவள் மேஜைக்கு வந்தது. அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. இடது கண்ணில் கீழ்ப்பக்கப் பார்வை சுருங்கியிருந்தது. இருந்ததை இருந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுவாரமே டிரைவரை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். பெரும்பாலும் குடைகள்.

அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே குளியலறை. "பாத்ரூம் காலியாயிருக்குன்னு அவகிட்டச் சொல்லு" என்பார் அவர், மகள் இரண்டடி தள்ளி நிற்கும்போதே. "கேட்டுச்சுன்னு சொல்லிடும்மா" என்பாள் மகள். நடுவில் தையலக்கா. தையல் மிஷினில் நூல் மேலிருந்து ஒன்று வரும், கீழிருந்து ஒன்று வரும். குத்து வாங்குவது துணி.

குடை அறைக்குப் போன பத்தாம் நாள் டிரைவர் விடியற்காலையில் எழுந்து நடக்க ஆரம்பித்தார். பிறகு ஓட ஆரம்பித்தார். பிறகு ஒரு மாலை சுவரைப் பார்த்து, தான் மாரத்தான் ஓடப்போவதாகவும், நாற்பத்திரண்டு கிலோமீட்டரில் பாதி தன் பழைய ரூட்டுதான் என்றும், காலால் ஓடுவதற்கு யாருடைய சர்டிபிகேட்டும் வேண்டியதில்லை என்றும் அறிவித்தார். வயது ஐம்பத்தேழு. சுவருக்கு அந்தப் பக்கம் மிளகு இருந்தாள். மறுநாள் அவளும் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

நீ எதற்கு என்று தையலக்கா கேட்டாள்.

"விழுந்தா தூக்க ஆள் வேணாமாம்மா."

அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் இது முதல் மாரத்தான். அவர் முன்னால், அவள் இருபதடி பின்னால், ஒரு வார்த்தை இல்லாமல் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.

போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை கையிலேயே வைத்திருந்தாள்.

ஓட்டத்தின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசுவதாக ஒரு பெண் சொன்னாள். இஸ்திரி போட்ட குரல். ரெண்டு ரெண்டு ஒண்ணு எட்டு என்ற எண்ணுக்கு அவசரத் தொடர்பாக இந்த போன்தான் கொடுத்திருக்கிறது என்றாள். உங்கள் மகள், வயது இருபத்தாறு, சரியா என்று கேட்டாள். சரி என்றாள் தையலக்கா.

ரோட்டோரம் வைத்திருந்த ஆரஞ்சு கோன் ஒன்றில் இடறி விழுந்திருக்கிறார்கள். முட்டியில் நல்ல அடி. மூன்றாம் எண் கூடாரத்தில் படுக்க வைத்திருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை.

"பேசறாளா?"

"கொஞ்சம் மயக்கமா இருக்காங்களாம். தண்ணி குடிக்காம ஓடியிருக்காங்க. பேச்சு தெளிவா வரலையாம்."

கூடாரத்திலிருந்து எண்ணை மட்டும் சொல்லி வயர்லெஸ்ஸில் கேட்டிருக்கிறார்கள். டாக்டர் வலிக்கு ஊசி போட நினைக்கிறார். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது இருந்தால் எண்ணுக்குப் பின்பக்கம் எழுதியிருக்க வேண்டும். ஆனால் அதைத் திருப்பிப் பார்க்க முடியவில்லை.

"நாலு பக்கமும் தைச்சிருக்காம். கத்தரி தேடறதுக்குள்ள உங்களக் கேட்டுடலாம்னு. மருந்து எதாவது ஒத்துக்காதா அவங்களுக்கு?"

"இல்ல. அவளுக்கு ஒண்ணும் இல்ல. எந்த ஊசி வேணா போடலாம்."

நன்றி சொல்லிவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள். மணி எட்டு பத்து.

நாலு பக்கமும் தைத்தது தையலக்காதான். அதைக் கேட்டதும் அவளுக்குச் சிறிது வெட்கமாகக்கூட இருந்தது.

எண் எழுதிய அந்தத் தாளைச் சட்டையில் குத்திக்கொள்ள நாலு நாலு ஊக்கு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வீட்டில் ஒருத்தி முப்பது வருடமாகத் தைத்துக்கொண்டிருக்கும்போது ஊக்கு குத்தி அனுப்புவதா. அது ஓட ஓட ஆடும், மார்பில் உரசும், கழன்று குத்தும். சனிக்கிழமை மதியம் இரண்டு பேரும் வெளியே போயிருந்த நேரத்தில் வேலையை முடித்தாள். முதலில் இரண்டு சட்டைகளையும் ஒரே வாளியில் நனைத்துக் காய வைத்தாள். புதுத் துணியை நனைக்காமல் உடம்பில் போடக்கூடாது என்பது அவள் வீட்டுச் சட்டம். காய்ந்ததும் எடுத்தாள். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. பெரிசில் டிரைவரின் 2217. சிறிசில் மிளகின் 2218. பொடித் தையல், நாலு பக்கமும் சுற்றி, ஒரு சுருக்கம் விழாமல்.

தைப்பதற்கு முன்னால் எண்ணுக்குப் பின்பக்கம் இருந்த கட்டங்களை அவளே நிரப்பினாள். மகளுடையதில் 'இல்லை', 'இல்லை' என்று நீல மையில். டிரைவருடையதில் சிவப்பு மை. 'வலி ஊசி போடக்கூடாது' என்று எழுதி இரண்டு கோடு இழுத்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன் முதுகு பிடித்துக்கொண்டதற்கு ஒரு கிளினிக்கில் அந்த ஊசியைப் போட்டார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உதடு வீங்கியது, நாக்கு வீங்கியது, தொண்டை அடைத்துக்கொண்டது. அவருடைய கழுத்து நரம்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்ததை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நாலு நாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், அடுத்த தடவை இவ்வளவு நேரம்கூடக் கிடைக்காது என்று சொல்லி ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார். அட்டை பர்ஸில் இருந்தது. பர்ஸ் இப்போது அவள் பைக்குள், போன்களுக்குப் பக்கத்தில்.

அது கணவர் விஷயம். இப்போது விழுந்திருப்பது மகள். தையலக்கா தோளில் பையை மாட்டிக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"மூணாம் கூடாரத்துக்கு."

"அது இருபத்தஞ்சாவது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னாடி. இங்கருந்து நாலரை கிலோமீட்டர். எதுல போவ?"

தடுப்பருகே நின்ற பெண் போலீஸிடம் போய்க் கேட்டாள். பதினோரு மணிவரை இந்த ரோட்டில் ஒரு சைக்கிள்கூட விடமாட்டார்கள். பின்பக்கத் தெரு வழியாகப் போனால் பாலத்தில் அடைத்திருக்கிறது. டாக்சி கிடைத்தாலும் பாலம்வரைதான். நடந்தால் ஒரு மணி நேரம். பெண் போலீஸ் இதையெல்லாம் பொறுமையாகத்தான் சொன்னாள். கடைசியில் தையலக்காவின் காலைப் பார்த்தாள். மிஷின் மிதித்து மிதித்து வலது கணுக்கால் எப்போதும் வீங்கியே இருக்கும்.

கண்டக்டர் தன் போனைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு படித்தார். ஓடுகிறவர்களின் எண் ஒவ்வொரு ஐந்தாவது கிலோமீட்டரிலும் அதில் விழும். இருபதாவதில் 2218 முதலில் விழுந்தது. ஏழு நிமிடம் கழித்துத்தான் 2217. மகள் எதற்கு அப்பாவை முந்தினாள் என்று அப்போதே தையலக்கா கேட்டாள். பின்னாலேயே வருவதாகத்தான் சொல்லியிருந்தாள். இருபத்தைந்தில் 2217 மட்டும் விழுந்திருந்தது.

"இப்ப பாரு, இவன் முந்திட்டான்," என்றார் கண்டக்டர். குரலில் பெருமை. "ஆரம்பத்துல உருட்டிக்கிட்டு வந்து, ஆளில்லாத ரோடு கிடைச்சதும் அழுத்துவான். பஸ்ஸையும் அப்படித்தான் ஓட்டுவான்."

"மக விழுந்தது அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"முன்னாடி போறவனுக்கு எப்படித் தெரியும்?"

அவள் பையின் வாரைத் தோளில் இறுக்கிக்கொண்டாள்.

"முட்டிதானே தங்கச்சி. டாக்டர் பக்கத்துல இருக்கார். ஊசி போட்டா வலி போயிடும். நீ போய் என்ன, தையல் போடப் போறியா?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "இங்க வந்து உன்னக் காணோம்னா அவன் நின்னுடுவான். இருபத்தொம்பதுல நின்னவன் மறுபடி ஓட மாட்டான். அவன அனுப்பிட்டு ரெண்டு பேருமாப் போவோம்."

அது சரியாகத்தான் பட்டது. ஐந்து மாதமாக அவர் எதையும் கேட்டதில்லை. நேற்றுப் படுக்கும்போதுதான், எங்கே நிற்பாய் என்று கேட்டார். நம்ம ஸ்டாப்பில் என்றாள். பழம் உரித்து வைத்திரு, உரிக்க எனக்குக் கை வராது என்றார்.

பையை இறக்கி வைத்தாள்.

நின்றாள். ஆனால் மனம் நிற்கவில்லை. கோனில் இடறி விழுந்தாளாம். தையல் மிஷினுக்கு அடியில் உருண்ட ஊசியை வாசலிலிருந்தே பார்த்துவிடுகிற கண் மிளகுக்கு. முழங்கால் உயரத்துக்கு, அதுவும் ஆரஞ்சு நிறத்தில் நிற்கிற கோன் எப்படித் தெரியாமல் போகும்? அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு ஓடியிருப்பாள் என்று சமாதானம் செய்துகொண்டாள். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. அப்பா பின்னால் அல்லவா வந்திருக்கிறார்.

அதற்குமேல் யோசிக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கண்டக்டருக்குத் தூரப் பார்வை இன்னும் கூர்மை. எதிரே வரும் பஸ்ஸின் பலகையைத் தெருக்கோடியிலேயே படித்துச் சொன்ன கண்.

"ரெண்டு ரெண்டு ஒண்ணு ஏழு," என்றார். "வந்துட்டான் தங்கச்சி. பழத்த உரி."

விசிலை வாயில் வைத்தார். தையலக்கா குனிந்து பழத்தை எடுத்து உரித்தாள். விசில் சத்தம் கேட்கும் என்று காதைக் கொடுத்துக்கொண்டே உரித்தாள்.

கேட்கவில்லை.

நிமிர்ந்தாள். கண்டக்டரின் உதட்டில் விசில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் ஊதவில்லை.

2217 அவர்களை நோக்கி ஓடி வந்தது. அதை மாட்டிக்கொண்டு வந்தவள் மிளகு.

தொளதொளவென்ற சட்டை. தோள் தையல் பாதிக் கைவரை இறங்கியிருந்தது. முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. வந்த வேகத்தில் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச மூச்சு வர இரண்டு மூன்று நொடி ஆயிற்று.

"அப்பா தாண்டி எவ்வளவு நேரமாச்சும்மா?"

தையலக்கா அவளைத் தொட்டுப் பார்த்தாள். முகம், தோள், கை. பிறகு எட்டி முட்டியைப் பார்த்தாள். இரண்டு முட்டியும் நன்றாக இருந்தன.

"நீ விழலையா?"

"நான் எதுக்கு விழறேன்? பத்தொம்பதுல பாத்ரூம் போனேன். வரிசை. வெளிய வந்தா ஆளக் காணோம். அப்பலருந்து விரட்டிக்கிட்டு வரேன். எங்கம்மா அவரு? மாமா, நீங்க பாத்தீங்களா?"

கண்டக்டர் கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

தையலக்கா மகளின் மார்பைப் பார்த்தாள். 2217. அவளுடைய தையல். சுருக்கம் இல்லாமல், நூல் பிரியாமல் அப்படியே இருந்தது.

"இந்தச் சட்டை யாரோடது?"

"என்னோடதுதான். லார்ஜ். லூசா இருந்தாத்தான் எனக்கு ஓட வரும். அவருதான் மீடியம் வாங்கினாரு. கவுண்டர்ல எனக்கு முன்னாடி நின்னாரு."

மீடியம்.

மார்பு நாற்பத்திரண்டு, இடுப்பு முப்பத்தெட்டு. முப்பது வருடமாக அவருடைய அளவு அவளுக்கு மனப்பாடம். டேப்பை எடுக்காமலே வெட்டுவாள். ஊரில் பாதிப் பேருக்கு அளவெடுத்துத் தைக்கிறவள், வீட்டில் ஒருவர் ஐந்து மாதமாகக் கரைந்துகொண்டிருந்ததை அளக்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். ஒன்றல்ல, இரண்டு. ஓட்டையைப் பார்த்தாள். இடுப்பைப் பார்க்கவில்லை.

"நம்பர் மாறியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்." மிளகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இருட்டுல மேல் சட்டையோட நின்னோம்ல. ஸ்டார்ட்ல கழட்டினப்பத்தான் பாத்தேன். அவரும் பாத்தாரு. என் நம்பரப் பாத்தாரு, குனிஞ்சு தன்னோடதப் பாத்தாரு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? தைச்சதப் பிரிக்கவா முடியும். சட்டைய மாத்தணும்னா பேசணும். நான் கேட்டா நான்தான் முதல்ல பேசினதா ஆயிடும். அவரே கேக்கட்டும்னு இருந்தேன். அவரும் அப்படியே இருந்துட்டாரு. நம்பர்தானேம்மா. என்ன இப்ப?"

தையலக்கா சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். 2218 கூடாரத்தில் படுத்திருப்பதை. பேச்சு தெளிவில்லாததை. பின்பக்கத்தைத் திருப்ப முடியாமல் தன்னைக் கேட்டதை. வலி ஊசி என்று சொன்னதை. கடைசியாக, தான் சொன்ன பதிலை.

மிளகு அசையவில்லை. அவளைக் கடந்து ஓடிய ஒருவர், நிற்காதே, நின்றால் கால் பிடித்துக்கொள்ளும் என்று நல்லெண்ணத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

"கூடாரத்தப் பாத்தேன்மா," என்றாள். "யாரோ படுத்திருந்தாங்க. சுத்தி நாலு பேர் நின்னாங்க. கால் மட்டும் தெரிஞ்சுது. ஷூவக்கூடப் பாத்தேன். நீல ஷூ. எல்லாரும் நீல ஷூதானே போடறாங்கன்னு..."

தாயின் பக்கம் திரும்பினாள்.

"எத்தன மணிக்கு நீ சரின்னே?"

"எட்டு பத்து."

கண்டக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மிளகு தானே எட்டிப் பார்த்துக்கொண்டாள். எட்டு இருபத்திரண்டு.

பன்னிரண்டு நிமிடம். போன தடவை ஐந்து ஆகவில்லை.

மிளகு தடுப்பைவிட்டுக் கையை எடுத்தாள். வந்த திசைக்குத் திரும்பினாள். இருபத்தொன்பது கிலோமீட்டர் ஓடிய கால் முதல் அடியில் மடங்கப் பார்த்தது. சமாளித்து ஓரமாக ஓட ஆரம்பித்தாள். எதிரே மஞ்சள் சட்டைகள் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தன. யாரோ ஒருவன், இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் என்று கை காட்டிச் சிரித்தான். அவள் அவன் தோளை இடித்துக்கொண்டு போனாள்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினார். நீளமாக, பஸ் கிளம்புகிற மாதிரி. எதிரே வந்தவர்கள் எதற்கென்று தெரியாமல் ஒதுங்கினார்கள். மிளகு அந்தச் சந்து வழியாகப் போனாள். மறுபடி ஊதினார். மறுபடி. அவள் தெரிந்தவரைக்கும் ஊதினார்.

நாலரை கிலோமீட்டர். கூட்டமில்லாத ரோட்டில், புதுக் காலோடு ஓடினாலே இருபத்தைந்து நிமிடம்.

உரித்த பழம் தையலக்காவின் ஒரு கையில் இருந்தது. அதைக் கீழே போடத் தோன்றவில்லை. மற்றக் கையால் அந்தப் புது நம்பரை அழுத்தினாள்.

மணி அடிக்கவில்லை. பாட்டு வந்தது. பிறகு பதிவு செய்த குரல் வந்தது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. நீங்கள் வரிசையில் ஒன்பதாவது இடத்தில் இருக்கிறீர்கள்.

கண்டக்டர் அதற்குள் பெண் போலீஸிடம் போயிருந்தார். அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வது தெரிந்தது. அவள் முகம் மாறுவதும் தெரிந்தது. வயர்லெஸ்ஸை எடுத்துப் பேசினாள். அவளுடைய வயர்லெஸ் போக்குவரத்துக்காரர்களுக்குத்தான் போகும், மருத்துவக்காரர்களுக்குப் போகாது. அவர்கள் ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும், ஸ்டேஷன் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் கூடாரத்துக்குச் சொல்ல வேண்டும். சொன்னாள். எந்தக் கூடாரம், ஆறு இருக்கிறதே என்று பதில் வந்தது. மூன்று என்றாள். மறுபடி சொல்லுங்கள் என்றது. மூன்று என்று மறுபடி சொன்னாள். அப்புறம் இரைச்சல்தான்.

"சொல்லியிருக்கேன்மா," என்று தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து சொன்னாள். போய்ச் சேர்ந்ததா என்று தையலக்கா கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நீங்கள் வரிசையில் ஆறாவது இடத்தில் இருக்கிறீர்கள்.

வரிசையில் தனக்கு முன்னால் இருக்கிற ஐந்து பேரைத் தையலக்கா நினைத்தாள். சட்டை தொலைந்தவர்கள், சாவி தொலைந்தவர்கள், எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று கேட்கிறவர்கள். அவர்களுடைய அழைப்பும் முக்கியமானது.

டிரைவர் வாய் திறந்து சொல்லியிருப்பார் என்று நினைத்தாள். ஊசி என்றதும் கையைத் தட்டிவிட்டிருப்பார். உடனே அந்தப் பெண்ணின் குரல் நினைவுக்கு வந்தது. பேச்சு தெளிவா வரலையாம். ஒருவேளை தெளிவாகத்தான் சொன்னாரோ, யாரும் கேட்கவில்லையோ. டாக்டர் படுத்திருக்கிறவரிடம் கேட்டு, பதில் புரியாமல், அவளிடம் கேட்டார். அவள் தெளிவாகச் சொன்னாள். எந்த ஊசி வேணா போடலாம்.

பெரிசும் சிறிசும் அவள் கண்முன் வந்தன. வாளியில் ஒன்றாக நனைந்த இரண்டு சட்டைகள். 'வலி ஊசி போடக்கூடாது' என்ற சிவப்பு எழுத்து இந்நேரம் மிளகின் மார்போடு ஒட்டி, வேர்வையில் நனைந்து, கூடாரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். அதுவும் யாரும் படிக்க முடியாதபடி, நாலு பக்கமும் சுற்றி.

மூன்றாவது இடம்.

"பின்னாடியே ஓடட்டுமா நானும்?" என்றார் கண்டக்டர். அவருக்கு அறுபத்திரண்டு வயது. வயிறு பெல்ட்டுக்கு வெளியே தொங்கியது. சொல்லிவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தார்.

"இருங்கண்ணே. நீங்களும் போயிடாதீங்க."

அவர் நின்றார். விசிலை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். ரோட்டில் மஞ்சள் சட்டைகள் குறையவில்லை. யாரோ தட்டி பிடித்துக்கொண்டு தன் அண்ணனை உற்சாகப்படுத்தினார்கள். ஒரு பெண் ஓடிக்கொண்டே வந்து, பழம் கிடைக்குமா என்று கை நீட்டினாள். தையலக்கா கையிலிருந்ததைக் கொடுத்தாள். அது யாருக்கு உரித்தது என்பது பழம் கைமாறியபின்தான் நினைவுக்கு வந்தது. விரலெல்லாம் பிசுபிசுத்தது.

இரண்டாவது இடம்.

மணி எட்டு முப்பத்தொன்று. மிளகு இந்நேரம் ஒன்றரை கிலோமீட்டர் போயிருக்கலாம். கால் தாங்கியிருந்தால்.

பாட்டு நடுவில் அறுந்தது. இணைப்பும் அறுந்துவிட்டது என்றே நினைத்தாள். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவசரமாகக் காதில் வைத்தாள்.

"கட்டுப்பாட்டு அறை, சொல்லுங்க."

அதே குரல். அதே இஸ்திரி.

"ரெண்டு ரெண்டு ஒண்ணு எட்டு," என்றாள் தையலக்கா. "மூணாம் கூடாரம். இப்ப என்கிட்டப் பேசினீங்கல்ல."

"ஆமாம்மா. உங்க பொண்ணுதானே. இருங்க, என்னன்னு..."

"அது என் பொண்ணு இல்ல. நம்பர் மாறிடுச்சு. அது என் வீட்டுக்காரர். அவருக்கு அந்த ஊசி ஆகாது. கூடாரத்துக்குச் சொல்லுங்க, இப்பவே சொல்லுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வயர்லெஸ்ஸில் அந்தப் பெண் யாரையோ கூப்பிட்டாள். மூன்றாம் கூடாரம் என்றாள். இன்னொரு முறை மூன்றாம் கூடாரம் என்றாள். தூரத்தில் ஒரு ஆண் குரல் ஏதோ சொன்னது. ஒரே ஒரு வாக்கியம். தையலக்காவுக்கு அது விளங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு விளங்கியிருக்க வேண்டும். போனுக்குத் திரும்பி வந்து மூச்சை மட்டும் இழுத்தாள்.

கண்டக்டர் அருகே வந்து, குனிந்து, போனோடு காதைச் சேர்த்துக்கொண்டார்.

"ஏங்க," என்றாள் தையலக்கா. "ஊசி போட்டாச்சா?"